பங்குக்கு வந்த துப்பாக்கி

அப்பா இறந்து மூன்று மாதம் கழித்து, மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அண்ணன் ஒரு கணக்குச் சொன்னான். வீடு அவனுக்கு. அம்மா அவனோடு தி.நகரில் இருப்பாள். எனக்குச் சுவரில் மாட்டியிருக்கும் துப்பாக்கி.

"அது சும்மா இல்லம்மா. கட்டபொம்மன் காலத்துது. ஏலத்துல விட்டா பதினஞ்சு லட்சத்துக்குக் குறையாது. நான் விட்டுத்தர்றேன்" என்றான். நான் செய்ய வேண்டியது ஒன்றுதான்: சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்தத் துப்பாக்கியைப் பார்த்துத்தான் நாங்கள் வளர்ந்தோம். ஆள் உயரத்துக்குச் சற்றே குறைவு. மெல்லிய நீண்ட குழல், அடியில் அதன் முனைவரை ஓடும் மரக்கட்டை, கட்டையின் பின்பக்கம் பித்தளை மூடி போட்ட சிறு பெட்டி. ஆயுத பூஜை அன்று அதற்கும் சந்தனம், குங்குமம் உண்டு. பாஞ்சாலங்குறிச்சிச் சண்டையில் எங்கள் பாட்டனாரின் பாட்டனார் வெள்ளைக்காரச் சிப்பாயிடமிருந்து பிடுங்கியது என்பது அப்பா சொன்ன கதை. வீட்டுக்கு வருகிறவர்கள் தொட்டுப் பார்ப்பார்கள். எனக்கு மட்டும் தொட அனுமதி இல்லை. அண்ணனை அப்பா தோளில் தூக்கி அதைப் பிடிக்க வைப்பார். "நம்ம வம்சத்துக்குச் சொந்தம்" என்பார். வம்சம் என்பதில் நான் சேர்த்தி இல்லை என்பது எட்டு வயதிலேயே புரிந்துவிட்டது. தூசி தட்டி, பித்தளையைப் புளி போட்டு விளக்கிக்கொண்டிருந்த அம்மாவும் அதில் சேர்த்தி இல்லை.

சட்டம் எனக்குத் தெரியும். வீடு அப்பாவின் சொந்தச் சம்பாத்தியம். உயில் எழுதவில்லை. 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மகனுக்கும் மகளுக்கும் ஆளுக்கொரு சம பங்கு. மூன்றில் ஒன்று எனக்கு, மூன்றில் ஒன்று அம்மாவுக்கு. ஆனால் அண்ணனிடம் சட்டத்தை எடுத்துச் சொன்னால் "கூடப் பிறந்தவன்கிட்ட கோர்ட்டு பேசுறியா?" என்ற கேள்விதான் வரும். அதனால் அவன் சொன்ன பதினைந்து லட்சத்தையே எடுத்துக்கொண்டேன். ஒரு பொருளை என் பங்கு என்று தருகிறவன், அதன் மதிப்பைப் பார்க்க என்னை அனுமதிக்கத்தானே வேண்டும்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அடையாறிலிருந்து வந்து, ஸ்டூல் போட்டு ஏறி, வாழ்க்கையில் முதல் தடவையாக அதைக் கீழே இறக்கினேன்.

கருவிகள் எல்லாம் வீட்டில் இருந்தவைதான். முதலில் விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சியை உருவிக் குழலின் வாயில் விட்டேன். ஒரு விரல் நீளம்கூடப் போகவில்லை, முட்டிவிட்டது. மருந்தும் குண்டும் இறங்க வேண்டிய குழல் உள்ளே கெட்டியாக இருந்தது. பிறகு ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த காந்தத்தை எடுத்துக் குழலில் வைத்தேன். ஒட்டாமல் கீழே விழுந்தது. இரும்பாக இருந்தால் ஒட்டியிருக்கும். துத்தநாகக் கலவையை அச்சில் ஊற்றிச் செய்ததில் ஒட்டாது. விசைக்காப்பு வளையத்தின் உட்புறம் நகத்தை ஓட்டினேன். அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த கோடு தட்டுப்பட்டது.

சக்கிமுக்கித் துப்பாக்கி வேலை செய்யும் விதம் எளிமையானது. விசையை இழுத்தால் சேவல்கொண்டை போன்ற சுத்தியல், தன் வாயில் கவ்வியிருக்கும் சக்கிமுக்கிக் கல்லோடு பாய்ந்து எஃகுத் தகட்டில் உரசும். பொறி பறந்து கிண்ணத்திலிருக்கும் மருந்தில் விழும். அந்த நெருப்பு குழலின் பக்கவாட்டில் இருக்கும் ஊசித்துளை வழியாக உள்ளே போய்க் குண்டைத் தள்ளும். எங்கள் துப்பாக்கியில் அந்தத் துளையே இல்லை. கல் இருக்க வேண்டிய இடத்தில் சாயம் பூசிய உலோகம். பூட்டுத் தகட்டைப் பிடித்திருந்த திருகாணிகளின் தலையில் கூட்டல் குறி. அந்த வகைத் திருகாணி 1930களில் அமெரிக்காவில் வந்தது. கட்டபொம்மனைக் கயத்தாற்றில் தூக்கிலிட்டது 1799இல்.

வடிவமும் இடித்தது. கம்பெனிச் சிப்பாய்களின் கையில் இருந்தது இந்தியா பேட்டர்ன் என்ற மஸ்கட். 39 அங்குலக் குழல், முக்கால் அங்குல வாய், முனையில் சனியன் மாட்ட இடம். எங்களுடையது அந்த வகையே அல்ல. 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானியக் கொல்லர்கள் வேட்டைக்கென்று செய்த நீண்ட ரைஃபிளின் சாயல் அது. கென்டக்கி ரைஃபிள் என்று பிற்பாடு பெயர் வாங்கியது. பித்தளை மூடிப் பெட்டி, குண்டைச் சுற்றும் எண்ணெய்த் துணியை வைப்பதற்கு. எங்கள் துப்பாக்கியில் அந்த மூடி திறக்கவே திறக்காது. கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போய்க் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த ஆயுதங்களையும் பார்த்துவிட்டு வந்தேன். போர் முடிந்த கையோடு, 1801 டிசம்பரில், தென்னாட்டில் யாரும் ஆயுதம் வைத்திருக்கக்கூடாது என்று கவர்னர் எட்வர்டு கிளைவ் அறிவித்ததையும் அப்போதுதான் படித்தேன். அப்பா கதையில் அந்த அறிவிப்புக்கு இடமே இல்லை.

செய்தவர் யார் என்பது கடைசியில் கிடைத்தது. குழலின் அடிப்பக்கம், மரக்கட்டை தொடங்கும் இடத்தில், அரம் போட்டுத் தேய்த்த தடம் இருந்தது. யாரோ எழுத்துகளை அழித்திருக்கிறார்கள். முழுதாக அழியவில்லை. டார்ச் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் ஆங்கிலத்தில் கடைசி மூன்று எழுத்துகள் தெரிந்தன: ஏ, ஐ, என். ஸ்பெயின். அந்த நாட்டின் மெனோர்கா தீவில் டெனிக்ஸ் என்றொரு நிறுவனம் பழைய ஆயுதங்களின் சுடாத நகல்களைச் சுவர் அலங்காரத்துக்கென்று செய்து உலகமெங்கும் விற்கிறது. அவர்களுடைய கென்டக்கி ரைஃபிளின் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூடியின் பூவேலை முதல் சுத்தியலின் வளைவு வரை அதே. புதிதாக வாங்கினாலும் சில ஆயிரம் ரூபாய், மிஞ்சிப்போனால் இருபதாயிரம்.

அண்ணனின் கணக்கில் இன்னொரு வேடிக்கையும் இருந்தது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பழுது பார்த்தாலும் சுட முடியாத பழங்காலத்து ஆயுதத்தை விட்டுவிடுகிறது. சுடக்கூடியதாக இருந்தால் உரிமம் வேண்டும். அவன் சொன்னபடி அது சண்டையில் சுட்ட, இன்னும் சுடக்கூடிய நிஜத் துப்பாக்கியாக இருந்திருந்தால், வீட்டுக்குப் பதிலாக எனக்குக் கிடைத்திருப்பது ஒரு போலீஸ் விவகாரம்.

அப்பா பாவம், யாரோ ஏமாற்றியிருக்கிறார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்த அரத் தடம் என்னைக் குழப்பியது. அம்மாவிடம் காட்டினேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அது உங்கப்பாதான் தேய்ச்சார். பின்கட்டுல உக்காந்து, ராத்திரி."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாம? பர்மா பஜார்ல வாங்கினது. கபில்தேவ் கப் ஜெயிச்ச வருஷம். என் ரெண்டு வளையலை அடகு வெச்சு வாங்கினார். மூணு பவுன். மீட்கவே இல்லை."

கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே, பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக 1969இல் அமைந்த அந்தக் கடைகளில் அப்போது கப்பல் சாமான்கள் குவிந்து கிடக்கும். எழுத்தராக இருந்த அப்பாவைப் பெரியப்பா வீட்டில் யாரும் உட்காரச் சொன்னதில்லையாம். துப்பாக்கி வந்த பிறகு அவர்கள் இங்கே வந்து பார்த்துவிட்டுப் போனார்களாம்.

"நாப்பது வருஷம் ஏம்மா சொல்லலை?"

"அவருக்குச் சொல்லிக்க ஒண்ணு வேணும்னு இருந்துச்சு. எனக்கு எது வேணும்னு யாரும் கேக்கலை. சரி, இருக்கட்டும்னு விட்டேன்." சற்று நேரம் கழித்து, "அது எங்கம்மா போட்டது" என்றாள். வளையலைச் சொன்னாள்.

துப்பாக்கியின் மதிப்பைத் தேடி நான் ஈர்க்குச்சியோடும் காந்தத்தோடும் அலைந்தேன். அதன் உண்மையான விலை, மூன்று பவுன், அதை வாராவாரம் துடைத்துக்கொண்டிருந்தவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். அவளை நானும் கேட்கவில்லை. அப்பாவின் கதையை அண்ணனைப் போலவே நானும் நம்பியிருந்தேன். எனக்கு அதில் இடமில்லை என்பதுதான் என் வருத்தமாக இருந்தது. அந்தக் கதைக்குக் காசு கொடுத்தது யார் என்பது என் கேள்வியாக இருந்ததே இல்லை.

அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் நம்பவில்லை. ஈர்க்குச்சியைக் கையில் கொடுத்தேன். விட்டுப் பார்த்தான், மறுபடி விட்டுப் பார்த்தான். அவன் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. அவனும் அப்பாவின் தோளில் உட்கார்ந்து அதைப் பிடித்த பையன்தான்.

"விடுதலைப் பத்திரம் வேண்டாம்ணா. மூணு பேர் பேர்லயும் எழுதுவோம்" என்றேன். அவன் பேசவில்லை. அம்மாதான் பேசினாள். "என் பங்கு என் பேர்ல இருக்கட்டும். நான் இருக்கறவரைக்கும் இந்த வீட்டுலதான் இருப்பேன்." அவள் எங்கே இருக்க விரும்புகிறாள் என்று அதுவரை நாங்கள் இருவருமே கேட்டிருக்கவில்லை.

பத்திரம் அப்படியே பதிவானது. துப்பாக்கியை அண்ணன் கேட்டான், கொடுத்துவிட்டோம். இந்த வருடம் ஆயுத பூஜைக்கு அவன் வீட்டுக்குப் போனபோது அது அங்கே சுவரில், சந்தனம் குங்குமத்தோடு இருந்தது. அண்ணியின் உறவுக்காரர் ஒருவர் எழுந்து போய்த் தடவிப் பார்த்தார். "எந்தக் காலத்துதுங்க இது?" என்று கேட்டார். அண்ணன் என்னைப் பார்த்தான். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"எண்பத்து மூணு" என்றாள் அம்மா. "என் வளையல் காசுல வாங்கினது."

அவர் கையை எடுத்துக்கொண்டார். அண்ணி சுண்டல் கிண்ணத்தை முதலில் அம்மாவிடம் நீட்டினாள்.