பல எழுதும் கருவி

'பாலிகிராஃப்' என்னும் சொல்லைக் கேட்டதும் பொய்யறியும் கருவியே நம் நினைவுக்கு வருகிறது. கிரேக்க மொழியிலோ அதன் வேர்ப்பொருள் 'பல எழுதுதல்' என்பதுதான். பல துறைகளில் நூல்கள் பல படைத்த எழுத்தாளரையும் இச்சொல்லால் குறித்தனர். 1803இல் ஹாக்கின்ஸ் என்பார் காப்புரிமை பெற்ற படியெடுக்கும் கருவிக்கும் இதுவே பெயர். இணைத்த இரு பேனாக்களுள் ஒன்று எழுத, மற்றொன்று அதனையே அருகிலுள்ள தாளில் எழுதும். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜெஃபர்சன் 1804 முதல் தம் கடிதங்களுக்கு இதனால் படியெடுத்து வைத்தார்.

1921இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரக் காவலர் ஜான் லார்சன் அமைத்த கருவி, மனிதரின் மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் ஒருசேரக் கோடுகளாக வரைந்தது. அப்பெயர் அதற்கே நிலைத்துவிட்டது.

ஆனால் இக்கருவி எழுதுவது பொய்யை அன்று; உடலின் பதற்றத்தை. பதற்றமோ குற்றவாளிக்கு மட்டும் உரியதன்று. வகுப்பில் ஒரு பேனா காணாமற்போனால், முகம் வெளிறிய பிள்ளையைத்தானே நாம் முதலில் ஐயுறுகிறோம்? சோவியத் நாட்டுக்கு உளவு பார்த்த அமெரிக்க அதிகாரி ஆல்டிரிச் ஏம்ஸோ 1986இலும் 1991இலும் இச்சோதனையில் தேறினார்; பிடிபட்டது 1994இல்.

இசைவின்றி எவரையும் இச்சோதனைக்கு உட்படுத்தலாகாது என நம் உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பு நீதிமன்றங்களுக்கு மட்டும்தானா? ஹாக்கின்ஸின் கருவி, எழுதியவர் எழுதியதையே எழுதிற்று. லார்சனின் கருவி வரைந்ததற்கோ வேறொருவர் பொருள் சொல்ல வேண்டியிருக்கிறது. நடுங்குபவரைப் பொய்யர் என்று நாம் முடிவுகட்டுமுன், அந்நடுக்கத்தின் பொருளை அவரிடமே கேட்போமாக.