எட்டு ரிங்கிட் இளநீர்

2024-ல் அம்மாவை மலேசியாவுக்கு அழைத்துப்போனேன். அவருக்கு 67 வயது, முதல் விமானப் பயணம். ஐந்து நாள், இரண்டு பேர், ஒரு லட்சத்துக்குள் முடிக்க வேண்டும் என்று திட்டம். விசா தேவையில்லை, திருச்சியிலிருந்தே நேர் விமானம், ஒரு ரிங்கிட் அப்போது ஏறத்தாழ 18 ரூபாய். அந்தப் பணத்துக்குள் அம்மாவைச் சௌகரியமாகவே கூட்டிப்போய் வந்திருக்கலாம். நான் அப்படிச் செய்யவில்லை.

டிக்கெட்டில் இரண்டாயிரம் குறையும் என்று நடுராத்திரி விமானத்தைப் பிடித்தேன். விடியும்போது கோலாலம்பூர். விமான நிலையத்திலிருந்து எக்ஸ்பிரஸ் ரயில் 28 நிமிடத்தில் ஊருக்குள் போய்விடும், ஆளுக்கு 55 ரிங்கிட். நான் பஸ்ஸில் ஏற்றினேன். ஓட்டலில் அறை மதியம் இரண்டு மணிக்குத்தான் கிடைக்கும், காலையிலேயே வேண்டுமென்றால் பாதி நாள் வாடகை தனி என்றார்கள். அதையும் கொடுக்கவில்லை. வரவேற்பறை நாற்காலியில் அம்மா காலைத் தொங்கப்போட்டபடி ஆறு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அறைக்குப் போய்ச் செருப்பைக் கழற்றியபோது, வார் அழுத்திய இடம் பள்ளமாகவும் அதன் இரு பக்கமும் பாதம் உப்பியும் இருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டு, நான்கு இரவுக்குச் சுற்றுலா வரியாக வாங்கிய 40 ரிங்கிட்டை எந்தக் கணக்கில் எழுதுவது என்று போனைத் திறந்தேன்.

கணக்கில் எனக்கு எதுவும் தப்பவில்லை. கார்டைத் தேய்த்தால் 3.5 சதவீதம் வரை போகும், அதன்மேல் ஜிஎஸ்டி என்று தெரிந்து, பணமாகவே மாற்றி எடுத்துப் போயிருந்தேன். பெட்டியை வீட்டிலேயே எடை போட்டுப் பார்த்தேன். அம்மாவின் முட்டிவலிக்கு மட்டும் அந்தக் கணக்கில் ஒரு வரிகூட இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு தடவை வாடகைக் கார் என்று எழுதியிருந்தாலே போதும்.

இதைவிட மோசமான காரியம் ஒன்றையும் செய்தேன். ஒவ்வொரு விலையையும் ரூபாயாக மாற்றி அவர் காதுபடச் சொன்னேன். பத்துமலை முருகன் கோயிலில் 272 படி அவரால் ஏற முடியாது. கீழேயே நின்று, 140 அடி முருகனை அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டார். நல்ல வெயில். பக்கத்துக் கடையில் இளநீரைச் சீவிக்கொண்டிருந்தார்கள். அம்மா அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில் நான் சொன்னேன்: "எட்டு ரிங்கிட்டும்மா. நம்ம காசுக்கு நூத்தி நாப்பத்தி நாலு ரூவா."

"எனக்குத் தாகமே இல்லப்பா" என்றார். முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார். அதற்குப் பிறகு ஊர் திரும்பும்வரை எதையும் கேட்கவில்லை.

19,000 ரூபாய் மிச்சம். அன்றைக்கு அதைப் பெருமையாக நினைத்தேன்.

ஊர் திரும்பிய மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா வந்து, "மலேசியால என்னென்ன பாத்தீங்க?" என்று கேட்டார். நான் உள்ளறையில் இருந்தேன். அம்மா முருகனைப் பற்றிச் சொல்வார் என்று காத்திருந்தேன்.

"அங்க ஒரு எளநி நூத்தி நாப்பத்தி நாலு ரூவாடி" என்றார்.