ஐரோப்பாவை அழைத்த சிற்றூர்

அயர்லாந்துத் தீவின் தென்பகுதியிலே கோர்க் என்றொரு மாவட்டம் உண்டு. அதன் வடமேற்குப் புறத்தில், கிளாரா என்னும் மலையின் அடிவாரத்தில் அமைந்திருக்கும் சிற்றூரே மில்ஸ்றீற். ஐரிஷ் மொழியில் இவ்வூருக்கு வழங்கும் பெயருக்கும் ஆங்கிலப் பெயருக்கும் பொருள் ஒன்றே. 'ஆலைத் தெரு' என நாம் அதனைத் தமிழில் அழைக்கலாம். தலைநகராகிய டப்ளினிலிருந்து புகையிரதத்தில் வருவோர் மல்லோ என்னும் சந்தியைக் கடந்து, மேற்கே கில்லார்னியை நோக்கிச் செல்லும் பாதையிற் பயணஞ் செய்தால் இவ்வூர் நிலையத்தில் இறங்கலாம். ஆயினும் இறங்குவோர் மிகச் சிலரே. கில்லார்னியின் ஏரிகளையும் மலைகளையும் காண விரையும் உல்லாசப் பயணிகளுட் பலர் இந்நிலையத்தைச் சாளரத்தின் வழியே கண்டதோடு அமைந்து விடுவர்.

இத்தகைய ஊருக்கு, 1993ஆம் ஆண்டு மே மாதம் 15ஆந் திகதி, இருபத்தைந்து நாடுகள் தத்தம் பாடகர்களை அனுப்பி வைத்தன. ஊரின் குடித்தொகை அப்போது ஏறத்தாழ 1500. ஐரோப்பாக் கண்டம் முழுவதும் தொலைக்காட்சியிற் கண்டு களிக்கும் பாட்டுப் போட்டி ஒன்று, அதனை ஏற்று நடாத்திய ஊர்கள் யாவற்றிலும் மிகச் சிறியதான இவ்வூரிலே நடந்தேறிய வரலாறு, பெரியோரும் மாணவரும் ஒருங்கே அறிந்து மகிழத்தக்கது.

முதலில் அப்போட்டியைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். இரண்டாம் உலகப் போர் ஓய்ந்த சில ஆண்டுகளில், 1950இல், ஐரோப்பிய ஒலிபரப்பு நிலையங்கள் ஒன்று கூடிச் சங்கம் ஒன்றை அமைத்தன. பல நாட்டுத் தொலைக்காட்சி நிலையங்களை இணைத்து, ஒரே நிகழ்ச்சியை ஒரே வேளையில் எல்லா நாட்டாரும் காணச் செய்தல் இயலுமா என்பதைச் சோதிக்க அச்சங்கத்தார் விரும்பினர். இத்தாலி நாட்டின் சன்ரெமோ நகரில் 1951 முதல் நடைபெற்று வந்த பாட்டு விழா அவர்களுக்கு முன்மாதிரியாயிற்று. 1956ஆம் ஆண்டு மே மாதம் 24ஆந் திகதி, சுவிற்சலாந்தின் லுகானோ நகரில் முதற் போட்டி நிகழ்ந்தது. ஏழு நாடுகள் பங்குபற்றின. நாடொன்றுக்கு இரண்டு பாடல்கள். நடுவர்கள் மறைவாக வாக்களித்தனர். வெற்றி பெற்ற பாடல் இன்னதென்று அறிவித்தனரேயன்றி, எந்நாடு எத்தனை புள்ளி பெற்றது என்பதை வெளியிடவில்லை. அவ்வெற்றி சுவிற்சலாந்தின் லிஸ் அசியா என்னும் பாடகிக்கே வாய்த்தது.

பின்னர் போட்டி வளர்ந்தது; விதிகளும் வளர்ந்தன. பாடல் மூன்று நிமிடங்களுக்கு மேற்படலாகாது. மேடையில் ஆறு பேருக்கு மேல் நிற்றல் கூடாது. ஒவ்வொரு நாடும் தன் பாடலைத் தன் நாட்டிலேயே தெரிவு செய்து அனுப்பும். 1975ஆம் ஆண்டு தொடக்கம் ஒவ்வொரு நாட்டு நடுவர் குழுவும் தனக்குப் பிடித்த பத்துப் பாடல்களைத் தெரிந்து, கடைசிப் பாடலுக்கு 1 புள்ளியிற் தொடங்கி 8 வரை ஒவ்வொன்றாக ஏற்றி, அதன் மேல் 10, முதற் பாடலுக்கு 12 என்று வழங்கும் முறை வந்தது. தன் நாட்டுப் பாடலுக்குத் தானே புள்ளி இடுதல் ஆகாது. வென்ற நாடு அடுத்த ஆண்டு விழாவைத் தன் மண்ணில் நடத்துதல் வழக்கமாயிற்று.

1992ஆம் ஆண்டு சுவீடனின் மல்மோ நகரில் நடந்த போட்டியில் அயர்லாந்தின் லிண்டா மார்ட்டின் வென்றார். எனவே அடுத்த விழா அயர்லாந்துக்குரியதாயிற்று. அதற்கு முன் 1971, 1981, 1988 ஆகிய மூன்று முறையும் அந்நாடு டப்ளின் நகரிலேயே விழாவை நடாத்தியிருந்தது. இம்முறையும் அவ்வாறே நிகழுமென யாவரும் எண்ணியிருக்க, வெற்றிச் செய்தி கேட்ட அதே இரவில் மில்ஸ்றீற்றைச் சேர்ந்த நோயல் டக்கன் என்னும் வணிகர் எழுதுகோலைக் கையிலெடுத்தார். குதிரைப் பந்தயக் காட்சிகளுக்கென அவர் அமைத்திருந்த 'கிறீன் கிளென்ஸ்' என்னும் உள்ளரங்கை வாடகையின்றித் தருவதாக அயர்லாந்தின் ஒலிபரப்பு நிலையமாகிய ஆர்.ரி.ஈ.க்குக் கடிதம் வரைந்தார்.

கேட்டவர்கள் நகைத்திருப்பர். ஆனால் நிலையத்தார் வந்து பார்த்தனர். அரங்கின் பரப்பும் வசதியும் அவர்களுக்குப் பிடித்துக் கொண்டன. ஊர் கூடினாற் தேர் ஓடும் என்று நம் முன்னோர் சொல்வர். மில்ஸ்றீற்றிலும் அதுவே நிகழ்ந்தது. உள்ளூராட்சியினரும் அரசாங்கத்தினரும் அயலிலுள்ள வணிகரும் கைகொடுத்தனர். ஊரின் வசதிகள் பலவாறாகப் பெருக்கப்பட்டன. விளக்குகளைத் தூக்கிக் கட்டுதற்கு அரங்கின் உயரம் போதாதெனக் கண்டு, குதிரைகள் ஓடிய தரையைத் தோண்டித் தாழ்த்தினர். முக்கோண வடிவில் மேடை எழுந்தது; அதன் தளம் கீழிருந்து ஒளிர்ந்தது; அதே வடிவில் மற்றொன்று மேலே சரிந்து தொங்கியது. தன் கலையகத்துக்கு வெளியே ஆர்.ரி.ஈ. அதுவரை மேற்கொண்ட ஒளிபரப்புக்கள் யாவற்றிலும் பெரியது அதுவேயாகும்.

பரிகாசமும் இல்லாமற் போகவில்லை. பிரித்தானியத் தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பாளர் ஒருவர், இவ்வாண்டுப் போட்டி அயர்லாந்திலுள்ள ஒரு மாட்டுக் கொட்டிலில் நடக்கப் போவதாகச் சொல்லிவிட்டார். சொல்லியவர் பின்னர் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. ஊராரோ வேலையை நிறுத்தவில்லை.

மில்ஸ்றீற்றில் தச்சரும் மின்தொழிலாளரும் இவ்வாறு உழைத்துக் கொண்டிருக்க, கண்டத்தின் மறுகோடியில் வேறொரு சிக்கல் தீர்க்கப்பட வேண்டியிருந்தது. சோவியத் நாடும் யூகோஸ்லாவியாவும் சிதைந்து, புதிய நாடுகள் பல பிறந்திருந்த காலம் அது. அவையும் போட்டியிற் கலந்து கொள்ள விழைந்தன. இடமோ மூன்றுதான். ஆகவே 1993 ஏப்ரில் 3ஆந் திகதி, சுலோவேனியாவின் தலைநகராகிய லியுப்லியானாவில் ஒரு முன்தெரிவுப் போட்டி வைத்தனர். சுலோவேனியா, பொஸ்னியா-ஹெர்சகோவினா, குறோவேசியா, சுலோவாக்கியா, எஸ்தோனியா, ஹங்கேரி, ருமேனியா ஆகிய ஏழு நாடுகளும் தம்முள் ஒன்றுக்கொன்று புள்ளியிட்டன. சுலோவேனியா 54, பொஸ்னியா 52, குறோவேசியா 51 எனப் பெற்று உள்ளே வந்தன. சுலோவாக்கியா பெற்றது 50. ஒரேயொரு புள்ளியால் ஒரு நாடு வாயிலில் நின்று விட்டது! ஆயினும் அன்று தோற்ற நான்கு நாடுகளும் மறு ஆண்டே அழைக்கப்பட்டன. அவற்றுள் எஸ்தோனியா 2001ஆம் ஆண்டு போட்டியையே வென்றது.

தெரிவான மூன்று நாடுகளுள் பொஸ்னியாவின் நிலை எவர் மனத்தையும் உருக்க வல்லது. அதன் தலைநகராகிய சரயேவோ 1992 ஏப்ரில் முதற்கொண்டு பகைவரின் முற்றுகையில் இருந்தது. சூழ்ந்து நின்ற குன்றுகளிலிருந்து எறிகணைகள் விழுந்து கொண்டிருந்தன. நீரும் மின்சாரமும் அரிதாகிவிட்ட அந்நகரிலிருந்து ஒரு பாட்டுக் குழு வெளியேற வேண்டும். விமான நிலையத்தின் அடியே மக்கள் வெட்டிய சுரங்க வழி முற்றுப் பெற்றது அவ்வாண்டு ஜூன் மாத முடிவிலேதான். அதற்கு முன்னர் வெளியேற விரும்பியோர், துப்பாக்கிகளின் இலக்காக விரிந்து கிடந்த விமான ஓடுபாதையை இருளில் ஓடிக் கடத்தல் வேண்டும். பாடகர் பாஸ்லாவும் தோழர்களும் அவ்வாறே ஓடி உயிர் தப்பினர். குழுவின் இசை நடத்துநரால் வெளியேற இயலவில்லை. விழாவிலே வாத்தியக் குழுவின் முன் அவர் நிற்க வேண்டிய இடத்தில் அயர்லாந்தின் நோயல் கெலஹன் நின்று கோலை ஏந்தினார். அவர்கள் பாடிய பாடலின் தலைப்புக்கு 'உலகின் வேதனை யாவும்' என்பது பொருள்.

விழா இரவு வந்தது. பாடல்கள் இருபத்தைந்தும் முடிந்தன. இனிப் புள்ளிகளை எண்ண வேண்டும். இக்காலத்தில் ஒவ்வொரு நாட்டின் அறிவிப்பாளரும் திரையில் தோன்றிச் சிரித்துப் பேசுவதைக் காண்கின்றோம். அவ்வழக்கம் 1994இலேதான் வந்தது. மில்ஸ்றீற்றில் எல்லாம் தொலைபேசி வழியே நடந்தன. மேடையில் நின்ற பியனூலா சுவீனி என்னும் நங்கை ஒவ்வொரு நாட்டையும் பெயர் சொல்லி அழைப்பார். தொலைவிலிருந்து முகமறியாக் குரலொன்று பதிலிறுக்கும். அது சொல்லும் புள்ளிகளை அவர் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எடுத்துரைப்பார். பலகையில் எண்கள் மாறும்.

சரயேவோவின் முறை வந்தது. இணைப்புக் கிடைக்குமா என்ற ஐயம் யாவருக்கும் இருந்தது. இரைச்சலுக்கும் கரகரப்புக்கும் நடுவே மெல்லிய குரலொன்று மில்ஸ்றீற்றை விளித்து வணக்கங் கூறிற்று. அரங்கிலிருந்தோர் புள்ளிகளைக் கேட்கும் முன்பே கைதட்டினர். முற்றுகைக்குள் அகப்பட்ட நகரில், யாரோ சிலர் ஓரிடத்தில் கூடி, இருபத்து நான்கு அயல்நாட்டுப் பாடல்களைக் கேட்டு, நேர்மையாகச் சீர்தூக்கி, தம் தீர்ப்பைச் சொல்ல வந்திருக்கின்றனர் என்பதை அக்கூட்டம் உணர்ந்தது. பொஸ்னியாவின் பாடல் அன்றிரவு 27 புள்ளிகளே பெற்றது. ஆனால் நாடுகளின் வரிசையில் தன் பெயர் அழைக்கப்பட்டபோது 'இதோ இருக்கின்றேன்' என்று அந்நகரால் விடையளிக்க முடிந்ததே, அதற்கு எந்தப் பலகையில் எத்தனை புள்ளி இடுவது?

தொலைபேசி மற்றொரு வேடிக்கையும் செய்தது. எட்டாவதாக வாக்களிக்க வேண்டிய மால்ற்றாவுடன் இணைப்புக் கிடைக்கவில்லை; அதனை இறுதிக்குத் தள்ளி வைத்தனர். மற்றெல்லா நாடுகளும் வாக்களித்து முடிந்த வேளையில் அயர்லாந்து 175, பிரித்தானியா 164. வேறுபாடு 11. மால்ற்றா பிரித்தானியாவுக்குப் 12 புள்ளியும் அயர்லாந்துக்கு ஒன்றுமின்றியும் அளித்தால், ஒரேயொரு புள்ளியில் வெற்றி கைமாறிவிடும்! வாக்குக்கள் ஒவ்வொன்றாக வந்தன. இரு நாடுகளின் பெயரும் வரவில்லை. அரங்கம் மூச்சடக்கி நின்றது. ஈற்றில் வந்த 12 புள்ளி அயர்லாந்துக்கே என்றது அக்குரல். நீவ் கவனா என்னும் பாடகி 187 புள்ளிகளுடன் சொந்த மண்ணிலேயே வெற்றி பெற்றார்.

வெற்றியின் மறுபுறத்தையும் மறைத்தலாகாது. புதியோருக்கு இடமளிக்கும் பொருட்டு, பட்டியலின் அடியில் நின்ற நாடுகள் மறு ஆண்டு விலகியிருத்தல் வேண்டும் என்பது விதி. பெல்ஜியம், இஸ்ரேல், டென்மார்க், துருக்கி, லக்சம்பேர்க் ஆகியவற்றோடு, ஆறு வாரங்களுக்கு முன் லியுப்லியானாவில் முதலிடம் பெற்ற சுலோவேனியாவும் அவ்வரிசையிற் சேர்ந்தது. ஒரு சபையில் முதலாவதாக நின்ற பாடல் மறு சபையில் 9 புள்ளிகளோடு ஒதுங்கிற்று. லக்சம்பேர்க் மீண்டும் இப்போட்டிக்கு வந்தது 2024ஆம் ஆண்டிலேயாகும். கலையைத் துலாக்கோலில் இட்டு நிறுத்தல் எத்துணை அரிது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

அடுத்த ஆண்டும் அயர்லாந்தே வென்றது. ஆனால் 1994, 1995, 1997 ஆகிய மூன்று விழாக்களும் டப்ளின் நகரிலேயே நிகழ்ந்தன. மில்ஸ்றீற்றுக்கு வாய்த்தது ஓர் இரவு மட்டுமே. விருந்தினர் சென்றனர், அரங்கிற்குக் குதிரைகள் மீண்டன. சரயேவோவின் முற்றுகை 1996 பெப்ரவரியில் நீங்கியது.

அவ்வரங்கைப் பற்றிச் சொல்ல இன்னும் ஒரு செய்தி உண்டு. 2022ஆம் ஆண்டு உக்ரேன் நாட்டில் போர் மூண்டபோது, வீடிழந்து அயர்லாந்தை அடைந்த மக்களுட் பலர் தங்குவதற்கு அந்தக் கிறீன் கிளென்ஸ் அரங்கே இடமாக்கப்பட்டது. முன்னொரு நாள் போருக்குள்ளிருந்து வந்த குரலைக் கைதட்டி வரவேற்ற கூரையின் கீழ், மற்றொரு போரிலிருந்து வந்த தாய்மாரும் பிள்ளைகளும் படுத்துறங்கினர். மாட்டுக் கொட்டில் என்று நகைத்தவர்கள் கண்டது சுவரையும் கூரையையும் மட்டுமே. நாளை அவ்வழியே கில்லார்னிக்குப் புகையிரதத்திற் செல்லும் அன்பர்கள், அச்சிறு நிலையம் வரும்போது சாளரத்தின் வழியே சற்று நிதானித்து நோக்குவார்களாக.