விடுதலைக்கு மறுநாள்

சரித்திரப் புத்தகங்களில் அடிமை ஒழிப்பைப் பற்றிய பாடம் பெரும்பாலும் ஒரு சட்டத்தின் ஆண்டோடு முற்றுப்பெறுகின்றது. மாணாக்கரும் அவ்வாண்டை நெட்டுருப் பண்ணித் தேர்வில் எழுதிவிடுகின்றனர். விடுதலை பெற்றவர் மறுநாட் காலையில் எழுந்து என்ன செய்தனர் என்பதைக் கேட்பாரும் அரியர், சொல்வாரும் அரியர். அதனைச் சிறுவர்க்குக் கற்பிக்க முயன்றபோது யாம் கண்டவற்றை நம் கல்லூரி நேயர்க்கு ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

சென்ற கோடை விடுமுறையில், சங்கரன்கோவிலை அடுத்துள்ள எம் ஊராகிய திருவேங்கடத்தில், தோழியர் இருவருடன் கூடி மாலைதோறும் சிறுவர்க்கு வகுப்பு நடத்தினோம். கரிசற்காட்டிற் கூலிவேலை செய்வோர், தீப்பெட்டித் தொழிலாளர் ஆகியோரின் பிள்ளைகள் வந்தனர். நிலமுடையார் வீட்டுப் பிள்ளைகளும், ஒரு காலத்தில் அத்தகைய நிலங்களிற் பண்ணையாளாய் இருந்தோர் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பாயில் அமர்ந்திருந்தனர். இவர்கள் நடுவே அடிமைக் கதையைச் சொல்லும்போது ஒரு பிள்ளை தலை குனிய, மற்றொரு பிள்ளை அதனைத் திரும்பிப் பார்க்குமாயின், அப்பாடத்தைச் சொல்லாதிருத்தலே நலம் என்ற அச்சம் எமக்கு இருந்தது.

எகிப்திலிருந்து இஸ்ரவேலர் புறப்பட்ட வரலாறு அப்பிள்ளைகளிற் பலர் அறிந்ததாகலின், அதிலிருந்தே தொடங்கினோம். கடல் பிளந்ததைக் கேட்டு யாவரும் மகிழ்ந்தனர். நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மட்டும், "அக்கா, கடலைத் தாண்டின அன்றைக்கு ராத்திரி அவர்கள் எங்கே படுத்தார்கள்?" என்று கேட்டாள். மற்றவர் நகைத்தனர். எமக்கோ அக்கேள்வியே பாடத்துக்கு வாயிலாயிற்று. புறப்பாடு ஓரிரவில் முடிந்தது. வனாந்தர வாழ்வோ நாற்பது ஆண்டு நீடித்தது.

தமிழிலக்கணம் பயில்வோராகிய எமக்கு அப்பொழுது ஒன்று புலனாயிற்று. 'அடிமைகள் விடுவிக்கப்பட்டனர்' என்பது செயப்பாட்டு வினை. அவ்வாக்கியத்தில் அவர்கள் ஒன்றும் செய்தாரல்லர். அவர்களுக்கு ஏதோ செய்யப்பட்டது. பாடம் அங்கே நின்றுவிடின், பிறர் கையைப் பார்த்திருந்த ஒரு கூட்டமே பிள்ளைகள் மனத்திற் பதியும். ஆகவே, அவர்கள் தாமே செய்தவற்றைச் செய்வினையிற் சொல்வதென்று துணிந்தோம்.

சட்டங்களை விரைந்து கூறினோம். கும்பினி ஆட்சியிலிருந்த நம் திருநெல்வேலிச் சீமையில், 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டத்தால், நீதிமன்றங்கள் அடிமையுரிமையை ஏற்பது நின்றது. திருவிதாங்கூரில் 1855ஆம் ஆண்டுப் பிரகடனம் அரசுக்குரிய அடிமைகளை விடுவித்தது. இவற்றுள் ஒன்றேனும் விடுதலை பெற்றவனுக்கு ஒரு குழி நிலமோ ஒரு படி விதையோ அளித்ததில்லை. ஆங்கிலேயர் 1834ஆம் ஆண்டில் மேற்கிந்தியத் தீவுகள் முதலிய தம் குடியேற்ற நாடுகளில் அடிமைத்தனத்தை ஒழித்தபோது, இரண்டு கோடிப் பவுண்டு இழப்பீடு வகுத்தனர். அத்தொகை அடிமைகளை உடையவர்க்கே உரியதாயிற்று. அடிமைகளாயிருந்தார்க்கு ஒரு காசும் இல்லை. இதனைக் கேட்ட பிள்ளைகள், யாம் கணக்கை மாற்றிச் சொல்லிவிட்டோம் என்றே எண்ணினர்.

பின்னர் நாகர்கோவில் வரலாற்றைச் சொன்னோம். அந்நகர் அந்நாளில் திருவிதாங்கூரைச் சேர்ந்தது. பெரியபுராணத்தில் சுந்தரரைத் தடுத்தாட்கொள்ள முதியவர் காட்டிய ஆளோலையை அன்பின் சுவை தோன்றப் பயில்கின்றோம். ஆனால் நாஞ்சில் நாட்டில் மனிதரை மெய்யாகவே விற்று எழுதிய ஓலைகளும் வழங்கின. அத்தகைய நாட்டில், இலண்டன் மிஷனைச் சேர்ந்த மால்ட் அம்மையார், 1820ஆம் ஆண்டையொட்டி, பெண்பிள்ளைகளுக்கு எழுத்தோடு ரேந்தைப் பின்னலையும் கற்பித்தார். திண்டின்மேல் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை மாற்றி மாற்றி இட்டுப் பின்னும் தொழில் அது. பயின்றவருட் சிலர் அடிமைகள். அவர்கள் தம் கூலியைச் சிறுகச் சேர்த்து, தமக்கு வைத்த விலையைத் தாமே கொடுத்து, தம்மையே மீட்டுக்கொண்டனர். பிரகடனம் வருவதற்கு முன்னரே இது நிகழ்ந்தது. அவ்வம்மையாரின் மகளார் எலிசா, 1856ஆம் ஆண்டில் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல் ஐயரின் மனைவியார். அவர் வழியாக இத்தொழில் இடையன்குடிக்கும் வந்தது.

அடுத்து அய்யன்காளியின் வரலாறு. அவர் பிரகடனத்துக்குப் பின் எட்டாண்டு கழித்து, 1863ஆம் ஆண்டில் வெங்ஙானூரிற் பிறந்தவர். விடுதலைக்குப் பின்னும் அவரினத்தார்க்குப் பொதுவழியில் நடக்கும் உரிமை இல்லை. 1893ஆம் ஆண்டில் அவர் வில்வண்டி ஏறி அவ்வழியே சென்றார். தம் பிள்ளைகளைப் பள்ளியிற் சேர்க்கும்வரை வயலில் இறங்குவதில்லையென்று உழைப்பாளரை ஒன்று சேர்த்து நிறுத்தினார். பஞ்சமி என்னும் சிறுமியை ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்றபோது, அப்பள்ளி தீக்கிரையாயிற்று. "பள்ளிக்கூடத்தையா கொளுத்தினார்கள்?" என்று பிள்ளைகள் மீண்டும் மீண்டும் வினவினர்.

அமெரிக்க நாட்டில் அடிமையாய்ப் பிறந்த புக்கர் வாஷிங்டன் 1881ஆம் ஆண்டில் டஸ்கீகியிற் கல்விச்சாலை தொடங்கியதையும் சொன்னோம். கட்டடத்துக்கு வேண்டிய செங்கல்லை மாணவரே அறுத்தனர். மூன்று சூளைகள் பாழாயின. அவர் தம் கடிகாரத்தை அடகு வைத்து நான்காஞ் சூளையை மூட்டினார், அது வெந்தது. அந்நாட்டில் விற்பனையாற் பிரிந்துபோன தாயையும் பிள்ளையையும் தேடி, விடுதலை பெற்றோர் பல ஆண்டுகள் பத்திரிகைகளில் விளம்பரம் செய்துவந்தனர் என்றபோது, வகுப்பு அமைதியாயிற்று.

இறுதி நாளில், கேட்ட கதைகளிலிருந்து வினைச்சொற்களை மட்டும் பொறுக்கிப் பலகையில் எழுதச் சொன்னோம். பின்னினர், சேர்த்தனர், மீட்டனர், ஏறினர், நிறுத்தினர், அறுத்தனர், மூட்டினர், தேடினர் எனப் பலகை நிறைந்தது. அப்பொழுது பின்வரிசைச் சிறுவன் ஒருவன் எழுந்து, "எங்கள் தாத்தாவும் கடனுக்குப் பண்ணையில் இருந்தார். சட்டம் வந்து கடன் இல்லையென்று ஆயிற்றாம். பிறகு இரண்டு ஆடு வாங்கினார், எங்கள் அப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்" என்றான். அவன் குறித்தது 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம். நிலமுடையார் வீட்டுப் பிள்ளை ஒருவன் அவனைத் திரும்பிப் பார்த்து, "ஆடு வாங்கக் காசு ஏது?" என்றான். "கிணறு வெட்டப் போனார்" என்றான் இவன். பலகையில் இடமில்லாமையால், 'வெட்டினார்' என்பதை ஓரத்தில் நெருக்கி எழுதினர். எவரும் தலை குனிந்திலர்.

நேயர்களே, விடுமுறையில் நம் ஊர்களுக்குச் செல்லுங்கால் இப்பாடத்தை நம்மில் எவரும் நடத்தலாம். பெரும் பொருள் வேண்டுவதில்லை. ஒரு பாயும் ஒரு பலகையும் போதும். சட்டத்தின் ஆண்டைச் சொல்லுமிடத்து, அதற்கு மறுநாளையும் சொல்லல் வேண்டும். அம்மறுநாளைக் கண்ணாற் கண்ட தாத்தாமாரும் பாட்டிமாரும் நம் ஊர்த் திண்ணைகளில் இன்னும் இருக்கின்றனர். அவர்களைக் கேட்டு எழுதிவைக்கும் கடமை, எழுதப் படிக்கக் கற்ற நம்முடையது.