நான்கு ஏடுகளும் ஒரு குழந்தையும்

தோட்டத்தில் பிறக்கும் ஒரு குழந்தையின் பெயரை எழுதி வைக்கக் கடமைப்பட்டவர் எத்தனை பேர் என்று நேயர்கள் எண்ணிப் பார்த்ததுண்டோ? தாய்சேய் நல நிலையத்துத் தாதி எழுதுகிறார். லயத்து வீடுகளில் குடியிருப்போர் ஜாபிதாவில் கிராணியாகிய நான் எழுதுகிறேன். ஏழாம் வயதில் தமிழ்ப் பள்ளித் தலைமையாசிரியர் எழுதுகிறார். பட்டணத்துத் தேசியப் பதிவு இலாகாவும் எழுதுகிறது. இத்தனை பேர் எழுதியும், பிறப்புப் பத்திரமில்லாத பிள்ளைகள் நம்மவருள் இன்றும் உளர் என்பது நாம் வெட்கப்பட வேண்டிய செய்தியாகும்.

இதற்கு மூலம் பெரும்பாலும் பெற்றோரின் விவாகத்திலேயே இருக்கிறது. 1976ஆம் ஆண்டின் விவாகச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் தேதி அமலுக்கு வந்தது. அன்றுமுதல் பதிவு செய்யாத விவாகம், எத்தனை பேர் முன்னிலையில் தாலி கட்டினாலும், சட்டப்படி விவாகமாகாது. அத்தகைய பெற்றோரின் பிள்ளைக்குக் குடியுரிமை தாயின் வழியாகவே பார்க்கப்படும். தந்தை நீல அடையாள அட்டை வைத்திருந்தாலும் பயனில்லை. தாய்க்கு அட்டை இல்லையேல் பிள்ளையின் கதி அதோகதிதான். ஐந்நூறு பேருக்கு விருந்தும் மேளமும் ஏற்பாடு செய்கிற நம்மவர், பதிவுக்கு ஒரு காலைப்பொழுது ஒதுக்க மறந்து விடுகின்றனர். கோயில் குருக்களையே உதவிப் பதிவதிகாரியாக நியமிக்கச் சட்டம் இடந்தருகிறது. நாள் குறித்துத் தருகிறவரே பதிவையும் செய்வித்தால் குடியா மூழ்கிவிடும்?

தொழிலாளரின் அறியாமையே காரணம் என்று பட்டணத்தில் பேசுவோர் பலருளர். என்னைப்போல் ஆங்கிலப் பள்ளியில் படித்து, மேசை முன் அமர்ந்து சம்பளம் பெறுவோருக்கு அப்படிப் பேசுவது எளிது. ஆனால் செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கும் ஒரு பெண்ணின் கணக்கைப் பாருங்கள். பெரட்டுக்கு வராவிடில் செக்ரோலில் அன்றைய பெயர் இல்லை. பெயர் இல்லையேல் கூலி இல்லை. பஸ் இரண்டு மாறிப் பட்டணம் போய், எண் வாங்கிக் காத்திருந்து, முறை வரும்போது ‘தாயாரின் பத்திரம் எங்கே?’ என்ற கேள்வியைக் கேட்டுத் திரும்புகிறாள். மறுவாரம் அதைத் தேடி இன்னொரு நாள் கூலியும் பஸ் காசும் போகின்றன. பிறகு வேறொரு தஸ்தாவேஜு கேட்கப்படுகிறது. மூன்றாம் முறை அவள் போகாமலிருப்பதை அறியாமை என்பது நியாயமா? அவள் போட்டுப் பார்த்த கணக்கு அது.

எங்கள் தோட்டத்தில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். தாய் வேறொரு தோட்டத்து லயத்தில், மருத்துவச்சியின் கையில் பிறந்தவர். அவருடைய பிறப்பை எவரும் பதியவில்லை. ஆகவே அட்டை இல்லை. அட்டை இல்லாமையால் விவாகப் பதிவு இல்லை. கேள்வி கேட்பார்களோ என்ற அச்சத்தால் மகளின் பிறப்பும் பதியப்படவில்லை. 2011இல் சர்க்கார் நமது சமூகத்துக்காக ‘மைடஃப்தார்’ இயக்கம் நடத்தியபோதும் அத்தாய் அவ்வச்சத்தாலேயே வீட்டில் இருந்துவிட்டார்.

சென்ற ஆண்டு, ஒரு ஞாயிறு காலை, தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் ஒரு மேசை போட்டோம். தலைமையாசிரியரும் தாதியும் கோயில் தலைவரும் வந்தனர். தாதி தம் ஏட்டைக் காட்ட மறுத்துவிட்டார். தாய்மாரின் இரகசியம் அது, மறுத்தது சரியே. ஆனால் என் ஜாபிதாவைப் படித்து, தாம் எந்தெந்த வீடுகளுக்குப் போய்ப் பேச வேண்டும் என்று குறித்துக்கொண்டார். கிராணி போனால் கதவு பாதிதான் திறக்கும். தாதிக்கு முழுவதும் திறக்கிறது. இவ்வாறு மூன்று பிள்ளைகள் தெரியவந்தனர். இருவருக்குத் தாமதப் பதிவு விண்ணப்பம் மட்டுமே தேவைப்பட்டது.

அச்சிறுமியின் காரியம் கடினமானது. தாயின் பிறப்புக்கே முதலில் சான்று வேண்டும். தலைமையாசிரியர் தாய் படித்த பள்ளிக்கு எழுதி, பழைய சேர்க்கை ஏட்டில் அவர் பெயரும் பிறந்த தேதியும் இருக்கும் பக்கத்தின் நகலைப் பெற்றார். அத்தோட்டத்துப் பழைய செக்ரோலில் பாட்டியின் பெயரை நான் தேடிக் கண்டேன். மருத்துவச்சி காலமாகிவிட்டார்; அவருடன் இருந்த அண்டை வீட்டுக் கிழவி சாட்சி சொல்ல இசைந்தார். இச்சான்றுகளில் ஒன்றேனும் பதிவு இலாகாவின் அலமாரியில் இல்லை. அவ்விலாகா எவ்வளவு நல்லெண்ணத்தோடு முயன்றாலும் தனியே கண்டெடுத்திருக்க இயலாது.

மானேஜரிடம் நான் கேட்டது ஒன்றே. பதிவு இலாகாவுக்குப் போகும் நாளை வேலை நாளாகக் கணக்கிட்டுப் பேர் போட வேண்டும் என்றேன். இருமுறை மறுத்தார்; மூன்றாம் முறை, பிள்ளைக்கு இரண்டு நாள் வீதம் தர ஒப்புக்கொண்டார். எமது அபிப்பிராயத்தில் கூட்டங்களையும் தீர்மானங்களையும்விட அவ்விரண்டு நாட்களே அதிகம் சாதித்தன.

ஆவணமில்லாத பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும் முறையைக் கல்வி அமைச்சு 2019இல் எளிதாக்கியிருந்தமையால், சிறுமி இவ்வாண்டு முதலாம் வகுப்பில் அமர்ந்துவிட்டாள். தாயின் விண்ணப்பத்துக்கு விடை இன்னும் வரவில்லை. அடுத்த மாதம் பக்கத்துத் தோட்டத்துக் கிராணியும் தம் ஜாபிதாவுடன் வர இசைந்துள்ளார். அங்கே பள்ளி இல்லை. ஆகையால், எந்தப் பிள்ளை பஸ் ஏறுகிறது, எது வாசலில் நின்று பார்க்கிறது என்பதறிந்த பள்ளி பஸ் ஓட்டுநரையும் அழைத்திருக்கிறோம்.