கல்லூரி எந்த நாட்டில் இருந்தால் என்ன?
பிள்ளை வெளிநாட்டில் படித்தால் அமெரிக்காவில் கல்வி வரிச்சலுகை கிடையாது என்று பலர் தாங்களாகவே முடிவு கட்டிவிடுகிறார்கள். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. கல்லூரி எங்கே இருக்கிறது என்பதல்ல, அமெரிக்கக் கல்வித் துறையின் மாணவர் நிதியுதவித் திட்டத்தில் சேர அதற்குத் தகுதி உண்டா என்பதே கேள்வி. கனடா, பிரிட்டன் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு அந்தத் தகுதி உண்டு. இருந்தால், பட்டப்படிப்பின் முதல் நான்கு ஆண்டுகளுக்கு அமெரிக்கன் ஆப்பர்ச்சூனிட்டி கிரெடிட் மூலம் ஆண்டுக்கு 2,500 டாலர் வரை வரி குறையும் (வருமான வரம்பு தனி). விமான டிக்கெட்டும் அறை வாடகையும் கணக்கில் சேராது.

கல்லூரிக் கட்டணத்தைக் காட்டும் 1098-டி படிவம் வரவில்லையே என்பார்கள். அதை அனுப்பும் கடமை இல்லாத கல்லூரி என்றால், சேர்க்கைச் சான்றும் கட்டண ரசீதும் போதும்; ஆனால் கல்லூரியின் அமெரிக்க வரி அடையாள எண்ணை, சலுகையைக் கோரும் 8863 படிவத்தில் எழுதியாக வேண்டும். பலரும் இடறுவது இங்கேதான். அமெரிக்க வரிப்பணம் அயல்நாட்டுக் கல்லூரிக்கா என்ற முணுமுணுப்பும் உண்டு. சலுகை போவது வரி கட்டும் குடும்பத்துக்கு. அதே கல்லூரிகளில் படிக்க அரசு மாணவர் கடனே தருகிறதே! கணக்குத் தாக்கல் செய்யுமுன் கல்லூரி நிதி அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு அந்த வரி அடையாள எண்ணைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.