முள்ளின் கணக்கு

சுவிட்ச் அணையும் ஒவ்வொரு முறையும் ஆசிலோஸ்கோப் திரையில் ஒரு முள் எழுந்தது. பெங்களூரின் ஆய்வகம் ஒன்றில், முனைவர் பட்ட ஆய்வின் நான்காம் ஆண்டில் இருந்த மாணவிக்கு அந்த முள்தான் பகலும் இரவும். இரண்டு வாரத்தில் ஆய்வுக் குழுவின் முன் அவள் முன்னேற்ற அறிக்கையை வைத்தாக வேண்டும்.

அதன் பிறப்பு அவள் அறிந்ததே. மோஸ்ஃபெட் சுவிட்ச் கடத்தும்போது அதன் தடத்தில் மின்னூட்டம் தேங்கியிருக்கும். கேட் அணைந்ததும் அது இருபுறமும் வெளியேறும். கேட்டுக்கும் வெளியீட்டுக்கும் இடையிலுள்ள சிறு மின்தேக்குத்திறன் வழியாகக் கிளாக்கின் விளிம்பும் கசியும். இவ்வாறு 5 பிகோகூலும் மின்னூட்டம் 100 பிகோஃபேரட் மின்தேக்கியில் விழுந்தால், பிழை 50 மில்லிவோல்ட்.

மின்தேக்கியை 1000 பிகோஃபேரட் ஆக்கினாள். பிழை பத்தில் ஒன்றாயிற்று. ஆனால் 100 ஓம் தடையுள்ள அந்தச் சுவிட்ச் வழியே 0.1 விழுக்காட்டுத் துல்லியத்திற்கு நிரம்ப, 70 நானோநொடி பிடித்த இடத்தில் 700 நானோநொடி பிடித்தது. அதிவேகச் சுற்று என்ற பெயரே பொருளிழந்தது. பழைய மின்தேக்கிக்கே திரும்பி, பாதி அளவுள்ள போலிச் சுவிட்ச் ஒன்றைச் சேர்த்து, எதிர்க் கிளாக்கில் இயக்கினாள். மின்னூட்டம் இருபுறமும் சமமாகப் பிரிந்தால்தான் அந்த உத்தி முழுப் பலன் தரும். அவளது சுற்றின் இருபுறமும் சமமாக இல்லை. முள் குறைந்தது, மறையவில்லை.

இறுதியில் வெளியீட்டில் ஒரு வடிகட்டியை வைத்தாள். முள் மறைந்தது. வரைபடம் அழகாக வந்தது, அறிக்கையிலும் ஏறியது.

அன்றிரவு, சுவிட்ச் அணைந்த பின் மின்தேக்கியில் நின்ற மின்னழுத்தத்தை உள்ளீட்டோடு ஒப்பிட்டாள். வடிகட்டி வைப்பதற்கு முன் இருந்த பிழை அப்படியே இருந்தது. வடிகட்டி முள்ளின் நுனியை மழுக்கியதே தவிர, மின்தேக்கியில் விழுந்துவிட்ட மின்னூட்டத்தை அகற்றவில்லை. ஐயம் வளரவே, வடிகட்டியைக் கழற்றினாள். ப்ரோபின் 15 செ.மீ. தரைக்கம்பியையும் நீக்கி, குட்டையான சுருள்முனையைப் பொருத்தினாள். முள்ளின் பெரும்பகுதி காணாமல் போயிற்று. அது சுற்றில் பிறந்ததன்று. நீண்ட கம்பியின் தூண்டமும் ப்ரோபின் மின்தேக்குத்திறனும் சேர்ந்து எழுப்பிய அதிர்வு.

இல்லாத ஒன்றோடு மாதக்கணக்கில் போராடியிருக்கிறாள். இருக்கும் ஒன்றை மறைத்துவிட்டு வென்றதாக எண்ணியிருக்கிறாள். இரண்டும் ஒரே இரவில் தெரிந்தன.

அந்த வரைபடத்தை அவள் நீக்கினாள். அதன் இடத்தில் ஓர் அட்டவணை வந்தது: போலிச் சுவிட்ச் இல்லாதபோது நின்ற பிழை, இருக்கும்போது நின்ற பிழை. அதிலும் முன்னேற்றம் இருந்தது. ஆனால் முன்பு எழுதியிருந்ததைவிடச் சிறியது. முள் எங்கே என்று குழுவில் ஒருவர் கேட்டபோது, அவள் முதலில் காட்டியது சுற்றை அன்று, தரைக்கம்பியை.